பதில் வராததை 'இல்லை' என்று படிக்காதே

தம்பி,

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். கிள்ளானில் அந்தக் கூட்டம் முடிந்து நீ லிஃப்டில் இறங்கிப் போன நாளிலிருந்து நமக்குள் பேச்சு என்று ஒன்று இல்லை. கரண்டு பில் கட்டியாச்சா, அம்மாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டுக்கொள்வதெல்லாம் பேச்சில் சேராது. போன வாரம் நீ இணையத்தில் நடத்தும் மென்பொருள்காரர்கள் குழுவில் ஒரு கேள்வி போட்டிருந்தாய்: "ஏஜென்டுக்கு டூல் டிஸ்கிரிப்ஷன் எப்படி எழுதுறீங்க? அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் விரிவா சொல்லுங்க லா." கீழே பலர் ஆளுக்கு இரண்டு வரி எழுதியிருந்தார்கள். ஒன்றும் உருப்படியாக இல்லை. எனக்கு அனுபவம் இருக்கிறது. எப்படி வந்தது என்பதும் உனக்குத் தெரியும். ஆனால் குழுவில் மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சொல்லிக்கொண்டேதான் போவேன். பொறுத்துக்கொள். எழுதுகிறவனுக்குத் தெரிந்தது படிக்கிறவனுக்கும் தெரியும் என்று நினைப்பதுதான் இந்த வேலையின் முதல் தவறு.

நான் கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். கப்பலில் வரும் கன்டெய்னருக்குக் காகிதம் சரிபார்ப்பது, சுங்கத் தடை இருந்தால் விடுவிப்பது, லோரிக்குச் சொல்வது. பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவன் இந்த வேலைக்கு ஏன் வந்தான் என்பது வேறு கதை. அதில் மூன்று நான்கு பேர் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு, இங்கே வேண்டாம். நீ பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சின்ன நிறுவனத்தில் ஏஜென்ட் செய்துகொண்டிருந்தாய். வாடிக்கையாளர் அனுப்பும் செய்தியைப் படித்து, எந்தக் கருவியை எப்போது இயக்குவது என்று தானே முடிவு செய்து வேலையை முடிக்கும் செயற்கை நுண்ணறிவு. எங்கள் நிறுவனம் அதை வாங்கியது. நீ என் மகன் என்று அங்கே யாரிடமும் நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நீ முதல் நாள் மடிக்கணினியோடு உள்ளே வந்தபோது நான் எழுந்து நிற்காமல் இருக்க நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பெருமையில்தான். அதையும் சொல்லவில்லை.

அந்த ஏஜென்டுக்கு நீ பத்துப் பதினைந்து கருவிகள் கொடுத்திருந்தாய். கருவி என்றால் எங்கள் சிஸ்டத்தில் ஒரு வேலையைச் செய்யும் சின்ன நிரல். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், அது என்ன செய்யும் என்று ஒரு வரி விவரம்; அதுதான் டிஸ்கிரிப்ஷன். தடை இருக்கிறதா என்று பார்க்கும் கருவிக்கு நீ எழுதியது: "கன்டெய்னருக்குத் தடை இருந்தால் காட்டும்." ஆங்கிலத்தில் இன்னும் சுருக்கமாக இருந்தது. நீ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் படிக்கும் ஏஜென்ட் யார் என்று நீ யோசிக்கவில்லை. உலகத்தில் உள்ள புத்தகத்தையெல்லாம் படித்த ஆள். ஆனால் நம் அலுவலகத்துக்கு இன்று காலைதான் வந்திருக்கிறான். யாரிடம் கேட்பது, எது வழக்கம், எதை நம்பக்கூடாது என்று ஒன்றும் தெரியாது. நீ எழுதிய அந்த ஒரு வரிதான் அவனுக்கு இந்த அலுவலகம்.

எங்கள் பழைய சிஸ்டத்தைப் பற்றி இங்கே எல்லோருக்கும் ஒன்று தெரியும். காலையில் ஆளுக்கு ஆள் ஒரே நேரத்தில் திறந்தால் அது திணறும். திணறினால் பிழை என்று சொல்லாது. வெற்றுத் திரையைக் காட்டும். தடை இல்லாவிட்டாலும் அதே வெற்றுத் திரைதான். அதனால் நாங்கள் யாரும் முதல் தடவை வருவதை நம்புவதில்லை. கீழே போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்து மறுபடி தட்டுவோம். இரண்டாவது முறையும் வெறுமையாக இருந்தால்தான் தடை இல்லை என்று அர்த்தம். இது எந்தக் கையேட்டிலும் கிடையாது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததும் கிடையாது. புதிதாக வேலைக்கு வருகிறவன் மற்றவர்களோடு டீ குடிக்கப் போவான், அப்படியே தெரிந்துகொள்வான். ஏஜென்ட் தே தாரிக் குடிக்காது, தம்பி. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

தீபாவளிக்கு முன்னால் மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவருக்குச் சென்னையிலிருந்து பட்டுப்புடவை வந்தது. ஏஜென்ட் காலையில் கருவியை இயக்கியது. வெறுமையாக வந்தது. தடை இல்லை என்று எடுத்துக்கொண்டு லோரியை அனுப்பிவிட்டது. பாய்க்கும் "சரக்கு இன்று வரும்" என்று செய்தி போட்டுவிட்டது. லோரி துறைமுக வாசலில் மறிக்கப்பட்டு அன்று முழுக்க நின்றது. தடை நீங்க மேலும் சில நாள் ஆனது. பாய் நேரே அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "என்னா பாஸ், உங்க கம்ப்யூட்டரு வருது வருதுங்குது, லோரி கேட்ல தூங்குது. தீபாவளி முடிஞ்சப்புறம் அந்தப் புடவைய வச்சு நான் என்ன, கடைக்குப் பந்தலா போடுறது?" என்று கத்தினார். அவர் கத்தியதில் நியாயம் இருந்தது.

மறுநாள் கூட்டம். மேலாளர் உன்னைப் பார்த்து, "உங்க ஏஐ பொய் சொல்லுது லா. இருக்குற தடைய இல்லேங்குது," என்றார். நீ அமைதியாக, "பொய் சொல்லல சார். அதுக்கு வந்த பதில் வெறுமையா இருந்துச்சு. சிஸ்டம் ஓடாட்டியும் வெறுமையாதான் வரும்னு எங்களுக்கு யாரும் சொல்லல," என்றாய். உடனே அவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்கதான் இங்க சீனியர். சொல்லுங்க, இது யாரு தப்பு?" நான் ஒன்றும் சொல்லவில்லை. மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். உன் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தவறு என்று சொன்னால், பிறகு நீ யார் என்று தெரியவரும்போது அப்பன் மகனுக்காகப் பேசினான் என்பார்கள், உன் பேச்சுக்கும் மதிப்பு போய்விடும். நான் பேசாமல் இருந்ததே உன் பக்கம் நின்றதுதான் என்று என் மனதில் ஒரு கணக்கு. லிஃப்ட் வாசலில் நீ கேட்டாய்: "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லப்பா?" அதற்கும் நான் பேசவில்லை. கதவு மூடிக்கொண்டது. அந்த மாதமே உன்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பிறகு மேலாளர் என்னிடம் வந்தார். "அண்ணே, நீங்க யூனிவர்சிட்டி இங்கிலீஷாச்சே. இந்த டிஸ்கிரிப்ஷன் எல்லாத்தையும் நீங்களே எழுதிருங்க." எழுதினேன். இன்று தலைமை அலுவலகத்தில் அது அவருடைய யோசனை என்று பேசிக்கொள்கிறார்கள். மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. ஆனால் எழுத எழுத எனக்கு உன் வேலை பிடித்துப்போனது, தம்பி. இத்தனை வருடம் படித்த இலக்கியத்துக்கு ஒரு வாசகன் கிடைத்த மாதிரி இருந்தது. நான் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் விடாமல் படிக்கிற வாசகன். நம் வீட்டில் அப்படி யாரும் இருந்ததில்லை.

முதலில் பெயர்களைப் பார்த்தேன். "பதிவைப் பார்", "பதிவு விவரம் எடு" என்று இரண்டு கருவிகள். எதற்கு எது என்று எனக்கே புரியவில்லை. ஏஜென்டும் நாணயம் சுண்டிப் போட்ட மாதிரி மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டிருந்தது. ஒன்றை நீக்கச் சொன்னேன். எண் கேட்கும் இடத்திலெல்லாம் எந்த எண் என்று எழுதினேன்: கப்பல் நிறுவனம் தரும் பதிவு எண்ணா, கன்டெய்னரின் பக்கத்தில் பெயின்டில் எழுதியிருக்கும் எண்ணா, அது எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரியும் சேர்த்து. ஒவ்வொரு கருவியும் எதற்கு என்று எழுதிய பிறகு, எதற்கு இல்லை என்றும், அப்போது வேறு எதை எடுக்க வேண்டும் என்றும் எழுதினேன். லோரியை அனுப்பும் கருவியில், அனுப்பினால் திரும்ப அழைக்க முடியாது, கூலி கட்டியே ஆகவேண்டும், அதனால் தடை இல்லை என்று உறுதியான பிறகே இதைத் தொடு என்று எழுதினேன். எழுதியதை நானே படித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அதனால் பழைய வாடிக்கையாளர் செய்திகளைக் கொடுத்து ஏஜென்டை ஓட்டவிட்டுப் பார்த்தேன். அது எங்கே தடுமாறுகிறதோ அங்கே என் வாக்கியம் சரியில்லை என்று தெரிந்துகொண்டேன்.

இதில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் ஒன்று உண்டு. பாய் கத்தியது காதில் இருந்ததால் முதல் தடவை எழுதியபோது வரிக்கு வரி "கட்டாயம்", "ஒருபோதும் கூடாது", "மிக முக்கியம்" என்று பெரிய எழுத்தில் போட்டேன். இரண்டு நாளில் லோரிகளைப் பார்த்துக்கொள்ளும் மீனா என் மேசைக்கு வந்து நின்றாள். "அங்கிள், உங்க ஏஜென்ட் என்னைய ஒரு வாய் சோறு திங்க விடாது லா. டிரைவருக்கு மெசேஜ் போடலாமா, நேரம் பாக்கலாமான்னு எதுக்கெடுத்தாலும் என்கிட்ட கேக்குது... ஐயோ, அத நீங்க அடிச்சு வளத்தீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அந்தக் கேள்வியை வேறு மாதிரி யோசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கூச்சலையெல்லாம் எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஆபத்து உண்மையிலேயே இருக்கும் இடத்தில் மட்டும் ஏன் என்று ஒரு வாக்கியம் எழுதினேன். காரணம் தெரிந்தால் நான் எழுதாத சூழ்நிலையிலும் அது தானாகச் சரியாக முடிவெடுக்கிறது. வெறும் தடையாகச் சொன்னால், ஒன்று எதையும் செய்யாது, இல்லாவிட்டால் சம்பந்தமில்லாத இடத்திலும் அந்தத் தடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

இது உன்னை வளர்த்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாம் கிள்ளானில் குடியிருந்தபோது, நீ சின்னப் பையன், மூலைக்கடைக்குப் போகாதே என்று சொல்லியிருந்தேன். அந்தக் கடைக்கார ஆன்டி என்னைப் பற்றி உன் அம்மாவிடம் எதையோ சொல்லிவிட்டாள் என்று எனக்குக் கோபம். உனக்குக் காரணம் சொல்லவில்லை. ஒரு நாள் அந்தக் கடை வாசலிலேயே உன் சைக்கிள் சங்கிலி அறுந்து கணுக்காலைக் கிழித்துவிட்டது. ஆன்டி ஓடிவந்து, "உள்ள வாடா கண்ணு, கட்டுப் போடுறேன்," என்று கூப்பிட்டிருக்கிறாள். நீ, "அப்பா வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு ஆன்டி," என்று சொல்லிவிட்டு, ரத்தம் சொட்டச் சொட்ட சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வரைக்கும் வந்தாய். அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. நீ ஒரு தவறும் செய்யவில்லை. உனக்குக் கிடைத்த விவரம் அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு அடுத்த மாதம் கல்யாணம். நானும் உன் அம்மாவும் பிரிந்து அவள் பிரிக்பீல்ட்ஸில் உன் மாமா வீட்டுக்கு அருகில் இருக்கிறாள், நீயும் அவளோடு. கல்யாணப் பத்திரிகையை நீ எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாய். கீழே எழுதியிருந்தாய்: "பாத பூஜைக்கு அம்மா பக்கத்துல நீங்க உக்காரணும்பா. வருவீங்களா? சொல்லுங்க." படித்தேன். படித்ததற்கான நீலக் குறியும் உனக்குப் போயிருக்கும். பதில் போடவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து நேரில் வந்து அழைப்பதுதானே முறை, பெற்ற அப்பனுக்கு வாட்ஸ்அப்பா என்று ஒரு வீம்பு. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். என் மகன் கல்யாணத்துக்கு நான் வராமல் எங்கே போவேன்? மௌனம் சம்மதம் என்று நம் ஆட்கள் காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கவில்லையா? வேட்டி கூட எடுத்துவிட்டேன்.

போன ஞாயிறு உன் மாமா போன் செய்தார். "மச்சான், நீங்க வரலன்னு தம்பி முடிவு பண்ணிட்டான். பாத பூஜைக்கு அக்கா பக்கத்துல நான் உக்காந்துக்கிறேன். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க."

"நான் வரலன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல மச்சான். நீங்க ஒண்ணுமே சொல்லலியே. அதான்."

உன் மாமா மேல் எனக்கு உள்ள கோபங்களை எழுத இந்தக் குழு போதாது. அந்த "கவலப்படாதீங்க"வையும் இன்று அந்த வரிசையில் சேர்த்துவிட்டேன். ஆனால் அவர் கடைசியாகச் சொன்னது உண்மை. போனை வைத்துவிட்டு உன் செய்தியை மறுபடி திறந்து படித்தேன். நீ கேட்டாய். வெறுமையாக வந்தது. வெறுமையை "இல்லை" என்று எடுத்துக்கொண்டாய். உன் ஏஜென்ட் செய்ததையே நீயும் செய்தாய். அன்று வெறுமையை அனுப்பியது எங்கள் சிஸ்டம், இன்று அனுப்பியவன் நான். அந்தக் கூட்டத்திலும் அப்படித்தான். நான் பேசாமல் இருந்ததற்கு என் மனதில் ஓர் அர்த்தம் இருந்தது, அதை நீ எங்கே போய்த் தெரிந்துகொள்வாய்?

குழுவில் உள்ளவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தத் தடைக் கருவியை நாங்கள் எப்படிச் சரி செய்தோம் தெரியுமா? விவரத்தில் மட்டும் எழுதிப் பயனில்லை என்று சொல்லி, திரும்பி வரும் பதிலையே மாற்றச் சொன்னேன். இப்போது மூன்று பதில்கள்தான் வரும். தடை உண்டு. தடை இல்லை. இன்னும் தெரியவில்லை. விவரத்தின் முடிவில் நான் சேர்த்த வரிகள் இவை: "'இன்னும் தெரியவில்லை' என்று வந்தால் அதைத் தடை இல்லை என்று எடுத்துக்கொள்ளாதே. சற்று நேரம் கழித்து மறுபடி கேள். அப்போதும் அதே பதில் வந்தால் ஆவணப் பிரிவில் ஒரு மனிதரிடம் கேள். அதுவரை லோரியை அனுப்பாதே. அனுப்பிவிட்டால் திருப்ப முடியாது." அதன் பிறகு ஒரு லோரிகூட வாசலில் தூங்கவில்லை. இதுதான் என் அனுபவம். உன் கேள்விக்கு இதை விரிவான பதில் என்று எடுத்துக்கொள்.

இனி உனக்கு மட்டும். இதைப் போனில் சொல்லலாம் என்று நேற்றுகூட அழைத்தேன். "ஆ, சொல்லுங்கப்பா" என்றாய். நான் கரண்டு பில்லைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எனக்கு எழுதத்தான் வருகிறது. அதனால் எழுதுகிறேன். அந்தக் கூட்டத்தில் உன் மேல் தவறு இல்லை. தெரிந்தவர்கள் நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். இதை மேலாளரிடம் இன்று காலை சொல்லிவிட்டேன், நீ என் மகன் என்பதையும் சேர்த்து. அவர் முகத்தைப் பார்க்க நன்றாக இருந்தது. கல்யாணத்துக்கு வருகிறேன். பாத பூஜைக்கு உன் அம்மா பக்கத்தில் உள்ள நாற்காலியில் நான் உட்காருகிறேன். அவளோடு சண்டை போட மாட்டேன். மாமா சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்துக்கொள்ளட்டும். அதில் அவர் கெட்டிக்காரர், அதை நான் மறுக்கவில்லை. தட்டு எடுத்துக்கொண்டு வரவில்லை என்ற குறை எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அது தனி விஷயம். வருவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெளிவாக எழுதிவிடுகிறேன், நாளைக்குக் குழப்பம் வேண்டாம்.

கீழே பெயர் எழுதப் போனேன், நிறுத்திவிட்டேன். உன் குழுவின் விதி எனக்குத் தெரியும். பெயர் போட்டு எழுதினால் உடனே குழுவில் வந்துவிடும். பெயரில்லாமல் எழுதினால் குழுவை நடத்துகிறவன் படித்து அனுமதித்த பிறகுதான் வெளியே வரும். அந்த ஆள் நீ. வேறு யாருக்கும் முன்னால் நீதான் இதைப் படிக்க வேண்டும். இது குழுவில் வந்தால் நீ படித்துவிட்டாய் என்று தெரிந்துகொள்வேன். வராவிட்டால், "வேண்டாம்" என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்; இன்னும் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்வேன். கீழே போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்ப்பேன். அப்போதும் வராவிட்டால், தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக்கொண்டு, என் மகன் கல்யாணத்துக்கு நான் வரலாமா என்று கேட்க நானே பிரிக்பீல்ட்ஸ் வருகிறேன். கதவைத் திற.

அதனால் இதைப் பெயரில்லாமலே போடுகிறேன். மூலைக்கடை வரை படித்தவனுக்கு யார் எழுதியது என்று சொல்லவேண்டியதில்லை.